கணினிக்கு எந்தக் களஞ்சியம்?

நெல்லும் பொன்னும் பகிர்ந்தால் குறையும். செய்தி என்னும் செல்வமோ பகிரப் பகிரப் பெருகும். ஆயினும் அச்செல்வத்தைத் தாங்கி நிற்கும் பொருள் அழிந்துவிட்டால் செய்தியும் உடன் அழிந்துபோகும். ஆகவே, எதை எழுதுவது என்னும் கேள்வியைப் போலவே, எதில் எழுதி வைப்பது என்னும் கேள்வியும் எக்காலத்தும் மனிதனுக்கு முக்கியமானதாகவே இருந்து வந்திருக்கிறது.

தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர், ஊற்றுமலை சமீன்தார்களின் அரண்மனை அமைந்திருந்த ஊர். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்துப் போற்றியது அந்தச் சமீனே. அந்நாளில் புலவரின் பாட்டு ஓலையில் ஏறிற்று. நல்ல ஓலையைத் தேர்ந்து, பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மை தடவிச் சுவடியாகக் கட்டி வைத்தனர். இந்நாளில் அதே வட்டாரத்தில் காட்சி மாறியிருக்கிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011ஆம் ஆண்டு முதல் மென்பொருள் அலுவலகம் நடத்தி வருகிறது. மென்பொருள் எழுதக் கற்கும் இளைஞர் தமக்கென ஒரு மேசைக் கணினியை உறுப்பு உறுப்பாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்ள விரும்புவது இயல்பே. அப்படிப் பூட்டும்போது அவர் முன் நிற்கும் கேள்விகளுள் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். எஸ்.எஸ்.டி. என்று கடைகளில் வழங்கும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் எவ்வகையை வாங்குவது? வீட்டார் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணம் ஆகையால், இதனைத் தெரிந்து செய்வது கடமையும் ஆகும்.

முதலில், எஸ்.எஸ்.டி. வருமுன் என்ன இருந்தது என்பதைக் காண்போம். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் ‘ராமாக்’ என்னும் கணினியை வெளியிட்டது. அதன் சேமிப்பகத்தில் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது வட்டுகள் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியவையோ ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அவ்விடம் போதாமற் போகலாம். அவ்வட்டின் வழித்தோன்றலே நாம் அறிந்த ஹார்டு டிஸ்க். காந்தப் பூச்சுள்ள வட்டு சுழல்கிறது. ஒரு சிறு கரம் அதன்மேல் அங்குமிங்கும் நகர்ந்து செய்தியைப் படிக்கிறது.

இவ்வட்டுக்கு ஓர் இயற்கையான தடை உண்டு. அது நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி வினாடி ஆகும். வேண்டிய இடம் கரத்தின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். கரம் இடம் பெயரும் நேரத்தையும் கூட்டினால் மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லி வினாடி. அதாவது, வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் செய்திகளை அது வினாடிக்கு எண்பது முறை அளவிலேதான் தேடி எடுக்க முடியும். கணினி விழித்தெழும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறது. பழைய கணினியைத் திறந்துவிட்டு நாம் காத்திருந்ததெல்லாம் பெரும்பாலும் இந்தக் கரம் ஓடி ஓடித் தேடியதன் பயனே.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. அதன் அடிப்படையை 1967இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டாவோன் காங், சைமன் ஸே என்னும் இருவர் வகுத்தனர். பின்னர், ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்பவர் 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தையும், 1987இல் அதன் ‘நாண்ட்’ வகையையும் உலகுக்கு அறிவித்தார். இன்றைய எஸ்.எஸ்.டி.கள் அந்த நாண்ட் வகையைச் சேர்ந்தவை. மின்சாரம் ஊடுருவாத பொருளால் நாற்புறமும் அடைக்கப்பட்ட மிக நுண்ணிய அறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குள் எலக்ட்ரான்களைச் செலுத்திச் சிறை வைத்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்திய பின்பும் அவை அங்கேயே தங்கியிருக்கும். அறையில் எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்பதைக் கொண்டு அங்கே எழுதப்பட்டது என்ன என்று கணினி அறிகிறது. இவ்வாறு படிப்பதற்கு ஆகும் நேரம் பெரும்பாலும் பத்தில் ஒரு மில்லி வினாடிக்கும் குறைவு. வட்டு எண்பது முறை தேடும் நேரத்தில் எஸ்.எஸ்.டி. பத்தாயிரம் முறை தேடிவிடும்.

ஆகவே முதல் முடிவு எளிது. புதிய கணினியின் இயங்குதளம், அதாவது விண்டோஸோ லினக்ஸோ, எஸ்.எஸ்.டி.யிலேதான் குடியிருக்க வேண்டும். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. எந்த எஸ்.எஸ்.டி. என்பதிலேதான் ஐயம் எழுகிறது. கடைக்குச் சென்றால் சாட்டா என்பார்கள், என்.வி.எம்.இ. என்பார்கள், எம்.2 என்பார்கள், டி.எல்.சி., கியூ.எல்.சி. என்பார்கள். இச்சொற்களைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் எல்லாம் விளங்கும். செய்தி செல்லும் வழி எது? உறுப்பின் வடிவம் எது? உள்ளே இருக்கும் அறையின் தன்மை எது?

வழியை முதலில் பார்ப்போம். நம் பக்கத்துக் குளங்களை அறியாதவர் இல்லை. குளம் எவ்வளவு பெரிதாயினும் வயலுக்கு நீர் வருவது மடையின் அளவுக்குத்தான். எஸ்.எஸ்.டி. குளம் என்றால், அதனைக் கணினியோடு இணைக்கும் வழியே மடை. சாட்டா என்பது சுழலும் வட்டுக்காக அமைந்த மடை. அதன் மூன்றாம் தலைமுறை 2009இல் வந்தது. அதன் வழியே வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரையில் செய்தி பாயும். அதற்கு மேல் பாயாது. மற்றொன்று பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் பெருமடை. அதன் மூன்றாம் தலைமுறையில் நான்கு தடங்கள் சேர்ந்தால் வினாடிக்கு 3,500 மெகாபைட் அளவும், நான்காம் தலைமுறையில் 7,000 அளவும், ஐந்தாம் தலைமுறையில் 14,000 அளவும் கிடைக்கக்கூடும்.

என்.வி.எம்.இ. என்பது இப்பெருமடையில் நீர் விடும் முறை. அதன் முதல் விதித்தொகுப்பு 2011இல் வெளியாயிற்று. சாட்டாவின் பழைய முறை ஒரே ஒரு சாளரமுள்ள பயணச்சீட்டு நிலையம் போன்றது, வரிசையும் ஒன்றுதான், அதில் 32 பேர்தான் நிற்கலாம். என்.வி.எம்.இ. முறையிலோ ஆயிரக்கணக்கான வரிசைகளை வைத்துக்கொள்ள இடமுண்டு. கணினியின் மூளையாகிய செயலி பல வேலைகளை ஒரே காலத்தில் கேட்கும்போது இது பெரிதும் பயன்படும்.

இனி, இவ்வெண்களை அப்படியே நம்பி மிகப் பெரிய எண்ணை வாங்குவது அறிவுடைமை ஆகுமா என்று பார்ப்போம். 50 ஜிகாபைட் அளவுள்ள திரைப்படத் தொகுப்பு ஒன்றைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 150 மெகாபைட் தரும் வட்டுக்கு ஐந்தரை நிமிடம் ஆகும். சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு ஒன்றரை நிமிடம். மூன்றாம் தலைமுறை என்.வி.எம்.இ.க்குப் பதினான்கு வினாடி. ஐந்தாம் தலைமுறைக்கு நான்கு வினாடிக்கும் குறைவு. முதல் படியில் நாம் மிச்சப்படுத்தியது நான்கு நிமிடம். கடைசிப் படியில் மிச்சமானது பத்து வினாடி. அப்பத்து வினாடியும், பெறும் இடம் அதே வேகத்தில் வாங்கிக்கொண்டால்தான் மிச்சமாகும். பென்டிரைவிலிருந்தோ இணையத்திலிருந்தோ வரும் செய்தி, அவற்றின் வேகத்துக்கு மேல் ஒருபோதும் வாராது.

அதுமட்டுமன்று. கணினியைத் திறப்பதும், நிரலெழுதும் மென்பொருளைத் தொடங்குவதும், பாடக் குறிப்பைத் தேடுவதும் சிறு சிறு கோப்புகளைப் படிக்கும் வேலைகளே. அவ்வேலைகளில் சாட்டா எஸ்.எஸ்.டி.க்கும் என்.வி.எம்.இ.க்கும் உள்ள வேறுபாடு, பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களின் வேறுபாட்டைவிட மிகச் சிறியது. விரலுக்கேற்ற வீக்கம் என்பது இங்கும் பொருந்தும். பெரிய காணொளிகளை நாள்தோறும் வெட்டி ஒட்டும் தொழிலுடையவருக்கு ஐந்தாம் தலைமுறை தகும். மாணவருக்கு மூன்றாம் தலைமுறையோ நான்காம் தலைமுறையோ தாராளமாகப் போதும். அதில் மிஞ்சும் பணத்தைக் கணினியின் தற்காலிக நினைவகமாகிய ‘ராம்’ மீது செலவிட்டால், நாள்தோறும் அதன் பயன் தெரியும்.

அடுத்தது வடிவம். இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். சாட்டா எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் இரண்டரை அங்குலப் பெட்டியாக வருகிறது. ஒரு கம்பி செய்திக்கு, ஒரு கம்பி மின்சாரத்துக்கு. எம்.2 என்பதோ மெல்லிய பட்டை வடிவம். தாய்ப்பலகையாகிய மதர்போர்டில் நேரே செருகி ஒரு திருகாணியால் முடுக்கிவிடலாம். அதன்மேல் 2280 என்று எழுதியிருந்தால், 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். எம்.2 என்பது வடிவத்தின் பெயரேயன்றி வழியின் பெயர் அன்று. எம்.2 வடிவத்திலேயே சாட்டா வழியில் செல்லும் பட்டைகளும் உண்டு, என்.வி.எம்.இ. வழியில் செல்லும் பட்டைகளும் உண்டு. இரண்டும் பார்வைக்கு உடன்பிறந்தார் போல இருக்கும். ஆனால் ஒன்றுக்கென அமைந்த பொருத்துவாயில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். சில தாய்ப்பலகைகளில் எம்.2 பொருத்துவாயைப் பயன்படுத்தினால், சாட்டா பொருத்துவாய் ஒன்றோ இரண்டோ தாமாகவே செயலிழந்துவிடும். இவையெல்லாம் தாய்ப்பலகையோடு வரும் கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். கையேட்டை வாங்கிய பின் படிப்பதைவிட, நிறுவனத்தின் இணையதளத்தில் வாங்குமுன் படிப்பதே சிறந்தது.

நான்காம் தலைமுறை எஸ்.எஸ்.டி.யை மூன்றாம் தலைமுறைப் பொருத்துவாயில் செருகினாலும் அது வேலை செய்யும். வேகம் மட்டும் பொருத்துவாயின் அளவுக்குக் குறைந்துவிடும். சிறிய மடையில் பெருவெள்ளம் வாராதன்றோ?

மூன்றாவது, அறையின் தன்மை. உழக்கும் நாழியும் கொண்டு அளந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு பாத்திரத்தில் நீர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் எட்ட நின்றே சொல்லிவிடலாம். அதே பாத்திரத்தில் பதினாறு கோடுகள் போட்டு, நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கேட்டால் குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும். சிறிது நீர் ஆவியானாலும் விடை தவறிவிடும். ஃபிளாஷ் நினைவகத்தின் அறைகளும் அப்படியே. ஓர் அறையில் ஒரே பிட் வைப்பது எஸ்.எல்.சி.; இரண்டு நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். இரண்டு பிட் வைப்பது எம்.எல்.சி.; நான்கு நிலைகள். மூன்று பிட் வைப்பது டி.எல்.சி.; எட்டு நிலைகள். நான்கு பிட் வைப்பது கியூ.எல்.சி.; பதினாறு நிலைகள். அறைக்குள் அதிகம் அடைக்க அடைக்க விலை குறைகிறது. எழுதும் வேகமும் ஆயுளும் கூடவே குறைகின்றன.

இக்குறையை மறைக்க உற்பத்தியாளர் ஓர் உபாயம் செய்கின்றனர். டி.எல்.சி., கியூ.எல்.சி. ஆகியவற்றின் ஒரு பகுதியை அறைக்கு ஒரு பிட் வீதம் பயன்படுத்தி, வருவதை அங்கே விரைவாக வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் நெருக்கி அடுக்குகின்றனர். களத்து மேட்டில் நெல்லைக் குவித்துவிட்டுப் பிறகு குதிருக்குள் கொட்டுவது போன்றது இது. களத்து மேடு நிறையும்வரை வேகம் குறையாது. நிறைந்துவிட்டால், மலிவான கியூ.எல்.சி. வகைகளுள் சில, சுழலும் வட்டையும்விட மெதுவாக எழுதத் தொடங்கும். பெட்டியின்மேல் உள்ள எண் களத்து மேட்டின் எண்ணே. குதிரின் எண் அன்று. எஸ்.எஸ்.டி. முழுதும் நிரம்பி வழியும்போது இக்களமும் சுருங்கிவிடும். ஆகவே, கொள்ளளவில் ஆறில் ஒரு பங்கையேனும் வெறுமையாக விட்டு வைப்பது நலம்.

எழுத எழுத அறைச் சுவர் தேயும் என்று சொன்னவுடன் சிலர் அஞ்சுவர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அச்சம் தீரும். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள டி.எல்.சி. எஸ்.எஸ்.டி.க்கு, 600 டெராபைட் எழுதும் வரை உறுதி அளிப்பது பரவலான வழக்கம். ஒரு மாணவர் நாள்தோறும் 30 ஜிகாபைட் எழுதினாலும் ஆண்டுக்குப் பதினொரு டெராபைட்தான் ஆகும். அவ்வளவையும் எழுதித் தீர்க்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். கணினியின் பிற உறுப்புகள் அதற்கு நெடுநாள் முன்னரே காலாவதியாகிவிடும்.

அதே வேளையில், அந்த உறுதி அறைகளின் தேய்மானத்தைப் பற்றியதே. எஸ்.எஸ்.டி.யை ஆளும் சில்லு பழுதானாலோ, மின்சாரம் திடீரென்று நின்றாலோ அக்கணக்கு உதவாது. மடிக்கணினிக்கு உள்ளேயே மின்கலம் இருக்கிறது. மேசைக் கணினிக்கு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் அக்கோப்பு சிதையக்கூடும். காற்றும் மழையுமான பருவத்தில் மின்தடை புதிதன்று. ஆகையால் மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். என்பது ஆடம்பரம் அன்று, எஸ்.எஸ்.டி.யின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டிய செலவு. வெப்பத்தையும் கருத வேண்டும். குற்றாலச் சாரல் ஆண்டு முழுவதும் வீசுவதில்லை. கோடையில் அறையே சுடும். வேகமான என்.வி.எம்.இ. பட்டைகள் சூடு மிகுந்தால் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தாய்ப்பலகையோடு வரும் உலோகத் தகட்டை அதன்மேல் பொருத்துவதும், பெட்டிக்குள் காற்றோட்டம் இருக்கச் செய்வதும் போதுமான பரிகாரம். ஐந்தாம் தலைமுறைக்கு இத்தகடு இன்றியமையாதது.

வாங்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். ஒரு டெராபைட் என்று வாங்கிய எஸ்.எஸ்.டி., விண்டோஸில் 931 ஜிகாபைட் என்று காட்டினால் ஏமாற்றம் வேண்டா. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்; விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. பொருள் ஒன்றே, அளவுகோல்தான் இரண்டு. ஆனால், நம்ப முடியாத விலையில் நம்ப முடியாத கொள்ளளவு சொல்லப்பட்டால் அது போலியாக இருக்கலாம். அவற்றுட் சில, எழுதுவது போலப் பாசாங்கு செய்து பழையதை அழித்துவிடும். முழுதும் நிரப்பிப் பின் படித்துப் பார்த்தால்தான் வஞ்சகம் வெளியாகும். மூன்றாண்டோ ஐந்தாண்டோ உத்தரவாதமும் முறையான ரசீதும் உள்ள பொருளையே வாங்க வேண்டும்.

இனி முடிவுகளைத் தொகுப்போம். புதிதாகப் பூட்டும் மேசைக் கணினிக்கு, எம்.2 வடிவில், என்.வி.எம்.இ. வழியில், மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறையைச் சேர்ந்த, டி.எல்.சி. அறைகள் கொண்ட 500 ஜிகாபைட் அல்லது ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. சாலப் பொருந்தும். அடிக்கடி எழுதாமல் படிக்க மட்டுமே பயன்படும் பெருந்தொகுப்புக்குக் கியூ.எல்.சி. ஆகலாம். படங்களையும் பழைய பாடங்களையும் நெடுங்காலம் வைக்க, சுழலும் வட்டு இன்றும் நல்ல துணையே. சாட்டா எஸ்.எஸ்.டி.யையும் இகழ வேண்டா. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. சுழலும் வட்டோடு வந்த அத்தகைய பழைய கணினி இன்னும் உயிரோடு வீட்டில் கிடந்தால், வட்டை எடுத்துவிட்டு இரண்டரை அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். தம்பி தங்கையர் படிப்பதற்கு அது மீண்டும் உதவக்கூடும்.

எனினும், எவ்வளவு ஆராய்ந்து வாங்கினாலும் எஸ்.எஸ்.டி. ஒன்று அழியாப் பெட்டகம் ஆகிவிடாது. சுழலும் வட்டு பழுதாகுமுன் பல வேளைகளில் ஓசை எழுப்பி எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றுவிடக்கூடும். நாம் அழித்த கோப்புகளை அது உள்ளுக்குள் விரைவில் துடைத்துவிடுவதால், மீட்பதும் அரிது. மின்சாரமின்றி அலமாரியில் நெடுங்காலம் கிடந்தால் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். எழுதும் அளவை எல்லாம் எழுதித் தீர்த்த எஸ்.எஸ்.டி., 30 பாகை வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு செய்தியைக் காத்தால் போதும் என்பதே வீட்டுக் கணினிகளுக்கு வகுத்த அளவு. புதியது அதைவிட நெடுநாள் காக்கும்; ஆயினும் என்றென்றும் காக்கும் என்று எவரும் உறுதி கூறவில்லை.

பனையோலையும் அழியும் பொருளே. கரையான் அரிக்கும், காலம் பொடியாக்கும். அவ்வோலையில் எழுதிய நூல்கள் நமக்குக் கிடைத்திருப்பது ஓலையின் வலிமையால் அன்று. ஓலை முரியத் தொடங்குமுன் ஒருவர் அமர்ந்து, புதிய ஓலையில் அதனைப் படியெடுத்தார். அவர் மகனோ மாணாக்கரோ மீண்டும் படியெடுத்தார். படியெடுப்பார் இல்லாத சுவடிகள் பெயர்கூட எஞ்சாமல் மறைந்தன. இன்று படியெடுப்பதற்கு எழுத்தாணியும் வேண்டா. மாதக்கணக்கில் உழைப்பும் வேண்டா. வாரம் ஒருமுறை, தனியே கழற்றி வைக்கும் வட்டு ஒன்றில் உங்கள் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள். முக்கியமானவற்றின் மற்றொரு படி வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்திலும் இருக்கட்டும். உங்கள் வேலைக்கு ஏற்ற களஞ்சியத்தை வாங்குங்கள். அதில் மிஞ்சும் பணத்தில், படியெடுப்பதற்கு ஒரு வட்டையும் சேர்த்து வாங்குங்கள்.